துப்பாக்கிக்கு ஒரு சிவப்புப் பொட்டு!

நூறு ஆண்டுப் பழக்கத்தைக் கைவிடும் அமெரிக்கப் போலீஸ்

அமெரிக்கப் போலீஸ்காரரின் இடுப்பில் தொங்கும் கைத்துப்பாக்கி மாறிக்கொண்டு வருகிறது.

குண்டு மாறவில்லை. விசை மாறவில்லை. மாறுவது குறி பார்க்கும் முறை!

துப்பாக்கியின் மேல் இரண்டு இரும்புத் துண்டுகள் இருக்கும். அவற்றை நேர்படுத்தித்தான் இதுவரை குறி பார்த்தார்கள். இப்போது அந்த இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கண்ணாடி வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் ஒரு சிவப்புப் பொட்டு. பொட்டு எங்கே தெரிகிறதோ, அங்கே குண்டு பாயும்.

அமெரிக்காவில் சுமார் 18 ஆயிரம் போலீஸ் இலாகாக்கள் இருக்கின்றன. நம் நாட்டைப்போல மாநிலத்துக்கு ஒரு போலீஸ் என்ற முறை அங்கே இல்லை. ஊருக்கு ஊர் தனிப் போலீஸ். எந்தத் துப்பாக்கி, எந்தக் கண்ணாடி என்பதை ஒவ்வொரு இலாகாவும் தானே முடிவு செய்யும். ஆகவே சில ஊர்களில் பொட்டு வந்துவிட்டது. சில ஊர்களில் இன்னும் இரும்புதான்.

பொட்டு தேவையா? அதற்குச் செலவிடும் பணம் வீணா? அதனால் உயிர்கள் பிழைக்குமா? போலீஸ் அதிகாரிகளும், நகரசபைகளும், வரி கொடுக்கும் மக்களும் கேட்கும் கேள்விகள் இவை.

ஒரு கண், மூன்று பொருள்

பழைய முறையில் என்ன கஷ்டம்?

கைத்துப்பாக்கியின் பின்புறத்தில் சிறு பள்ளம் வெட்டிய ஒரு துண்டு இருக்கிறது. முன்புறத்தில் முள் போன்ற ஒரு துண்டு. சுடுபவர் பின் பள்ளத்தின் நடுவே முன் முள்ளை நிறுத்த வேண்டும். அந்த முள்ளை எதிரே உள்ள இலக்கின்மேல் வைக்க வேண்டும்.

ஆக, பார்க்க வேண்டியவை மூன்று. பள்ளம் ஒரு தூரத்தில் இருக்கிறது. முள் இன்னொரு தூரத்தில். இலக்கு வெகு தூரத்தில்.

மனிதக் கண் ஒரே சமயத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு பேனாவைக் கை நீட்டிப் பிடியுங்கள். சுவரில் உள்ள காலண்டரைப் பாருங்கள். தேதி தெளிவாகத் தெரிந்தால் பேனா மங்கலாகும். பேனாவின் முனை தெளிவாகத் தெரிந்தால் தேதி மங்கலாகும். இரண்டையும் ஒன்றாகத் தெளிவாகப் பார்க்க யாராலும் முடியாது.

அதனால் போலீஸ் பள்ளிகளில் ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். "முன் முள்ளைப் பார். எதிரி மங்கலாகத் தெரிந்தால் போதும்" என்பதே அந்தப் பாடம்.

அட்டையில் வரைந்த வட்டத்தைச் சுடும்போது இது சரி. எதிரே நிற்பவன் ஆயுதம் ஏந்திய மனிதன் என்றால்? உயிருக்கு ஆபத்து வந்தால் கண் தானாகவே ஆபத்தின் பக்கம் போகும். அதை இழுத்து வந்து ஓர் இரும்பு முள்ளின்மேல் நிறுத்துவது சுலபமல்ல.

ஒரு மில்லிமீட்டர் செய்யும் வேலை

கைத்துப்பாக்கி சிறியது. முள்ளுக்கும் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது சுமார் 16 சென்டிமீட்டர்தான். இந்தச் சிறு தூரத்தில் முள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால் என்ன ஆகும்?

25 மீட்டர் தூரத்தில் குண்டு ஏறக்குறைய அரை அடி விலகிப் போகும். நெஞ்சுக்கு வைத்த குறி உடலின் ஓரத்தைத் தாண்டிவிடலாம். தாண்டிய குண்டு காற்றில் கரைவதில்லை. பின்னால் நிற்பவர்மேல் பாயும். அவர் பால் வாங்க வந்தவராக இருக்கலாம். பஸ்ஸுக்குக் காத்திருப்பவராக இருக்கலாம்.

நியூயார்க் வீதியில் நடந்தது

இது வெறும் கற்பனையல்ல.

2012-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி. நியூயார்க் நகரில் எம்பயர் ஸ்டேட் கட்டிடத்தின் அருகே ஒருவன் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு நடந்து சென்றான். இரண்டு போலீஸ்காரர்கள் அவனை நெருங்கினார்கள். அவன் துப்பாக்கியை நீட்டினான். போலீசார் சுட்டார்கள். மொத்தம் 16 குண்டுகள். அவன் இறந்தான்.

ஆனால் வழியில் நின்ற 9 பேருக்குக் காயம்! அத்தனையும் போலீசாரின் குண்டுகளாலும், அவை மோதித் தெறித்த சிதறல்களாலும் ஏற்பட்டவை என்று போலீஸ் கமிஷனரே சொன்னார்.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2008-ல், ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் நியூயார்க் போலீசின் துப்பாக்கிச் சூடுகளைக் கணக்கெடுத்திருந்தது. 1998 முதல் 2006 வரை நடந்தவற்றை ஆராய்ந்தது. இரு தரப்பும் சுட்டுக்கொண்ட சண்டைகளில், போலீசார் சுட்ட 100 குண்டுகளில் 18 தான் இலக்கில் பட்டன. எதிரி திருப்பிச் சுடாத சமயத்தில்கூட 30 தான்.

மற்றக் குண்டுகள் எங்கே போயின? சுவரில், காரில், தரையில். சில சமயம் மனிதர்கள்மேல்.

எல்லாப் பழியையும் இரும்பு முள்ளின்மேல் போட முடியாது. பயம், ஓட்டம், இருட்டு எல்லாம் சேர்ந்ததுதான் சண்டை. அந்நாளில் நியூயார்க் போலீசின் துப்பாக்கி விசையும் கடினமானது. அதை இழுக்கச் சுமார் 12 பவுண்டு பலம் வேண்டும். கடினமான விசையை அவசரமாக இழுத்தால் துப்பாக்கி அசையும். அசைந்தால் குறி தவறும். ஆனாலும், குறி பார்ப்பதை எளிதாக்க வழி உண்டா என்ற கேள்வி பிறந்தது.

விமானத்தில் பிறந்த பொட்டு

வழி புதிதல்ல. அதற்கு வயது நூறுக்கு மேல்!

அயர்லாந்தின் டப்ளின் நகரில் சர் ஹோவர்ட் கிரப் என்று ஒரு நிபுணர் இருந்தார். வானத்து நட்சத்திரங்களைப் பார்க்கும் பெரிய தொலைநோக்கிகளைச் செய்தவர். 1900-ல் அவர் ஒரு யோசனை சொன்னார். சாய்ந்த கண்ணாடியில் ஓர் ஒளிக்குறியைப் பிரதிபலிக்கச் செய்து, அதன் வழியாக இலக்கைப் பார்க்கலாம் என்றார்.

அப்போது அதைத் துப்பாக்கியில் வைக்க வசதியில்லை. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918-ல் ஜெர்மானியர்கள் போர் விமானத்தில் வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்பயர் விமானத்திலும் அந்த முறை இருந்தது. வேகமாகப் பறக்கும் விமானிக்கு முள்ளையும் பள்ளத்தையும் நேர்படுத்த நேரம் ஏது?

1970 நவம்பரில் வட வியட்நாமின் சோன் டே கைதி முகாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் இரவில் இறங்கினார்கள். தங்கள் நாட்டுக் கைதிகளை மீட்க வந்த அவர்களுடைய துப்பாக்கிகளில் அந்நாளைய பொட்டுக் கருவி இருந்தது. கைதிகளை முன்பே வேறிடத்துக்கு மாற்றிவிட்டதால் முகாமில் கைதி ஒருவரும் இல்லை. ஆனால் இருட்டில் கருவி நன்றாக உதவியது.

1975-ல் சுவீடனின் எய்ம்பாயிண்ட் கம்பெனி மின்சாரப் பொட்டுக் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1997-ல் அமெரிக்கத் தரைப்படை அந்தக் கம்பெனியின் கருவியைத் தன் நீளத் துப்பாக்கிகளுக்கு எடுத்துக்கொண்டது.

கைத்துப்பாக்கிக்கு ஏன் தாமதம்?

நீளத் துப்பாக்கியில் கருவியைப் பொருத்தினால் அது அசையாமல் இருக்கும். கைத்துப்பாக்கி அப்படியல்ல. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் மேல்பாகம் படாரென்று பின்னே போய் முன்னே வரும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்குச் சுத்தியல் அடி விழுந்தது போல! பழைய கருவிகள் அதைத் தாங்கவில்லை. அளவிலும் அவை பெரியவை. இடுப்பு உறையில் நுழையாது.

அமெரிக்காவின் டிரிஜிகான் கம்பெனி 2009-ல் இந்த அடியைத் தாங்கும் சிறிய கருவியை வெளியிட்டது. ஆஸ்திரியாவின் கிளாக் கம்பெனி 2015-ல் பொட்டுக் கருவி பொருத்த இடம் விட்டே துப்பாக்கிகளை விற்கத் தொடங்கியது. 2017-ல் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த எம்-17 கைத்துப்பாக்கியிலும் அந்த வசதி இருக்கிறது. மேல்மூடியைக் கழற்றிவிட்டுக் கருவியைப் பொருத்தலாம். 2021-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் போலீஸ் தேர்ந்தெடுத்த துப்பாக்கியும் அப்படிப்பட்டதே.

சினிமாவில் வருவது வேறு!

சினிமாவில் வில்லனின் நெஞ்சில் ஒரு சிவப்பு ஒளி வந்து விழும். அவன் குனிந்து பார்த்து நடுங்குவான். அது லேசர். இந்தப் பொட்டு அதுவல்ல.

இது எதிரில் இருப்பவர்மேல் விழுவதில்லை. சுடுபவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். கருவிக்குள் குண்டூசித் தலையைவிடச் சிறிய ஒரு விளக்கு இருக்கிறது. அதன் ஒளி முன்னால் உள்ள வளைந்த கண்ணாடியில் பட்டுத் திரும்பிக் கண்ணுக்கு வருகிறது. அந்தக் கண்ணாடிக்கு ஒரு பூச்சு உண்டு. அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். மற்ற ஒளியை உள்ளே விடும். அதனால் எதிரே உள்ள காட்சியும் தெரிகிறது, பொட்டும் தெரிகிறது.

கண்ணாடியின் வளைவில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பொட்டு கண்ணாடியில் ஒட்டியிருப்பது போலத் தெரியாது. வெகு தூரத்தில், இலக்கின் பக்கத்தில் மிதப்பது போலத் தெரியும். ஆகவே கண் இலக்கைப் பார்த்தால் போதும். பொட்டும் தெளிவாக இருக்கும். மூன்று பொருள் பார்த்த வேலை ஒன்றாகக் குறைந்துவிட்டது!

கையில் இருப்பது என்ன?

இதில் கிடைக்கும் பெரிய நன்மை, குண்டு சரியாகப் பாய்வது மட்டுமல்ல.

போலீஸ்காரர் முள்ளைப் பார்த்தபோது எதிரே இருப்பவர் மங்கலாகத் தெரிந்தார். பொட்டு வந்த பிறகு எதிரே இருப்பவரைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. அவர் கையில் இருப்பது துப்பாக்கியா, டெலிபோனா? கையைத் தூக்குகிறாரா, பையில் விடுகிறாரா? இவை தெரிந்தால் சுட வேண்டிய அவசியம் இல்லை என்பதும் சில சமயம் தெரியும். இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் வருபவரையும் கவனிக்கலாம்.

இன்னொரு நன்மை வயதானவர்களுக்கு. நாற்பது வயதைத் தாண்டினால் பலருக்குப் பத்திரிகையைக் கையை நீட்டிப் பிடித்துத்தான் படிக்க முடிகிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை விறைத்துவிடுவதால் வரும் குறை அது. அந்தக் கண்ணுக்கு முன் முள்ளும் மங்கல்தான். தூரத்துப் பொட்டோ தெளிவாகத் தெரியும். இருபது வருஷம் சேவை செய்த அதிகாரிகள் பொட்டை விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

"பொட்டைக் காணோமே!"

நன்மை மட்டும்தானா? இல்லை.

பழகாதவர் துப்பாக்கியை உருவி நீட்டினால் கண்ணாடிக்குள் வெறும் வெளிதான் தெரியும். பொட்டைக் காணோம்! மணிக்கட்டு சற்று மேலே தூக்கியிருந்தாலும், கீழே தாழ்ந்திருந்தாலும் பொட்டு மறைந்துவிடும். இரும்பு முள் என்றால், எந்தப் பக்கம் கோணல் என்பதை அதுவே காட்டும். மறைந்துபோன பொட்டு எந்தப் பக்கம் போனது என்று சொல்லாது. மீன் பிடிப்பவர் தூண்டிலை ஆட்டுவதுபோலத் துப்பாக்கியை ஆட்டித் தேட வேண்டும். உயிர்ச் சண்டையில் அதற்கு அவகாசம் கிடையாது.

அடுத்தது, பொட்டு ஆடும். எல்லோருக்கும் கை சற்று நடுங்கும். இரும்பு முள்ளில் அது அவ்வளவாகத் தெரியாது. பொட்டோ நடுக்கத்தை அப்படியே காட்டிக் கொடுக்கும். புதியவர் பயந்துவிடுகிறார். பொட்டு நடுவில் வந்த நொடியில் விசையை வெடுக்கென்று இழுக்கிறார். குறி தவறுகிறது. ஆடினாலும் பரவாயில்லை, விசையை மெதுவாக, சீராக இழு என்பதே அனுபவசாலிகள் சொல்லும் பாடம்.

சிலருடைய கண்ணில் வளைவுக் குறை இருக்கும். அவர்களுக்குப் பொட்டு வட்டமாகத் தெரியாது. நட்சத்திரம் போலவோ, கலைந்த மை போலவோ தெரியும். சரியான மூக்குக் கண்ணாடி போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மழைத்துளி விளக்கின்மேல் விழுந்தால் பொட்டு சிதறும். அதனால்தான் இப்போது விளக்கை முற்றும் மூடிய கருவிகளும் வந்திருக்கின்றன.

பாட்டரி தீர்ந்தால்? காசு அளவுள்ள சின்னப் பாட்டரிதான் இதற்கு உயிர். அது நீண்ட நாள் உழைக்கும். என்றாலும் ஆண்டுக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்ல வழக்கம். பல இலாகாக்கள் கண்ணாடியுடன் இரும்பு முள்ளையும் சேர்த்தே வைத்திருக்கின்றன. விளக்கு அணைந்தாலும் முள் இருக்கும். புதுச் செருப்பு வாங்கியவர் பழைய செருப்பை எறிந்துவிடாமல் வைத்திருப்பது போல!

பணம் எங்கே?

நல்ல கருவி ஒன்றின் விலை பல நூறு டாலர். அதோடு முடிவதில்லை. கண்ணாடி நுழையும்படி புது உறை வேண்டும். பழைய துப்பாக்கியில் பொருத்த முடியாவிட்டால் புதுத் துப்பாக்கி வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு பயிற்சி. இரும்பு முள்ளில் பத்து ஆண்டு பழகிய கை ஒரே நாளில் மாறாது. தோட்டா இல்லாத துப்பாக்கியை நூற்றுக்கணக்கான முறை உருவி நீட்டிப் பழக வேண்டும். நீட்டியவுடன் பொட்டு கண்ணில் பட வேண்டும். பிறகு குண்டு போட்டுச் சுட்டுப் பழக வேண்டும். அந்த நேரமெல்லாம் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ரோந்துக்கு வேறு ஆள் போட்டாக வேண்டும்.

பணக்கார நகரங்களுக்கு இது பாரமில்லை. ஐந்தாறு போலீஸ்காரர்களை வைத்துக் காலம் தள்ளும் சிற்றூருக்கு? கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டுப் பயிற்சியில் கை வைக்கும் ஆபத்து அங்கேதான் அதிகம். அப்படிச் செய்வதைவிட மாறாமலிருப்பதே மேல். பழகாத கையில் பொட்டு, தெரிந்த வழியையும் மறக்கச் செய்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு மூன்று கை தூரத்தில் நடக்கும் சண்டையில் பொட்டினால் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே வேகமும் நிதானமும்தான் காப்பாற்றும். தூரம் கூடக்கூடத்தான் பொட்டின் அருமை தெரியும்.

ஒலிம்பிக்கில் இடமில்லை!

உலகம் முழுவதும் பொட்டுக்கு மாறிவிட்டதா? இல்லை.

ஒலிம்பிக் கைத்துப்பாக்கிப் பந்தயங்களில் ஒளிப் பொட்டுக்கு அனுமதி கிடையாது. முள்ளும் பள்ளமும்தான். 2024-ல் பாரிஸ் நகரில் நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் வென்றது அந்த முள்ளை வைத்துத்தான். அதே பந்தயங்களில் துருக்கியின் 51 வயது யூசுப் டிகெச், ஒரு கையைப் பையில் விட்டுக்கொண்டு, சாதாரண மூக்குக் கண்ணாடியோடு நின்று வெள்ளிப் பதக்கம் பெற்றதை உலகமே வியந்து பார்த்தது.

ஆனால் அங்கே இலக்கு அசையாது. திருப்பிச் சுடாது. வீரர் மூச்சை அடக்கி நிதானமாகக் குறி பார்க்கலாம். அங்கே சோதிப்பது மனிதனின் திறமையை. வீதியில் நிற்கும் போலீஸ்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. எனவே இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

பொட்டு சொல்லாத ஒன்று

1999 பிப்ரவரி 4-ந் தேதி, நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதி. ஆப்பிரிக்காவின் கினி நாட்டிலிருந்து பிழைக்க வந்த 23 வயது வாலிபர் அமாடு டியாலோ, தம் வீட்டு வாசலில் நின்றார். சாதாரண உடையில் வந்த நான்கு போலீஸ்காரர்கள் அவரைக் கூப்பிட்டார்கள். அவர் பணப்பையை எடுத்தார். அதைத் துப்பாக்கி என்று நினைத்தார்கள். 41 குண்டுகள் சுட்டார்கள். 19 குண்டுகள் அவர்மேல் பாய்ந்தன. அவரிடம் எந்த ஆயுதமும் இல்லை.

மறு ஆண்டு நடந்த வழக்கில் நான்கு பேரும் விடுதலையானார்கள். ஆனால் அந்த 41 குண்டுகளை அமெரிக்கா இன்றுவரை மறக்கவில்லை.

இங்கே பிரச்சினை குறி அல்ல. எண்ணம் தவறியது.

பொட்டு இருந்திருந்தால் பணப்பை கண்ணில் பட்டிருக்குமா? யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. குண்டு எங்கே போகும் என்பதைப் பொட்டு காட்டும். சுடலாமா, கூடாதா என்பதைக் காட்டாது. அதற்குச் சட்ட அறிவு வேண்டும். நிதானம் வேண்டும். எதிரே நிற்பவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளை என்ற நினைப்பு வேண்டும்.

ஒரு நகரம் பொட்டை வாங்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பயிற்சிக்கு எத்தனை நாள் ஒதுக்கப்பட்டிருக்கிறது? பொட்டு மறைந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொருவருக்கும் தெரியுமா? சுடாமல் முடிப்பது எப்படி என்று சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் செலவாகிறது?

மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் அந்தச் சிவப்புப் பொட்டு போலீஸ்காரர் உயிரையும் காக்கும், வழிப்போக்கர் உயிரையும் காக்கும். பதில் இல்லையென்றால், விலை உயர்ந்த கண்ணாடி வழியாகப் பழைய தவறுகளே நடக்கும்.